சேவூர் முனையில் நிற்கிற பஸ்

சேவூர் தெருமுனையில் விடிவதற்கு முன்னால் ஒரு வெள்ளை பஸ் வந்து நிற்கும். கண்ணமங்கலத்தில் புறப்பட்டு, சேவூர், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் என்று ஆள் ஏற்றிக்கொண்டு ஒரகடத்தில் இருக்கிற ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேரும். சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு அதே ஆட்களை அதே முனைகளில் இறக்கிவிட்டுப் போகும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் இப்போது எந்த முனைக்குப் போனாலும் ஒரு கம்பெனி பஸ் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் சேவூர் முனையில் அந்த பஸ்ஸில் ஏறுகிற ஆள் அருணகிரி ஒருத்தர்தான். அருணகிரி செத்துப்போன பிறகும் அது நின்றுகொண்டிருந்தது.

வரும். ஹாரன் ஒரு தடவை அடிக்கும். கதவு புஸ்ஸென்று திறக்கும். யாரும் ஏற மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு மூடும், பஸ் போய்விடும். சாயந்திரமும் அப்படியேதான், இறங்குவதற்கு ஆளில்லாமல். முனையிலிருந்து மூன்றாவது வீட்டில் அருணகிரியின் பெண்சாதி பூங்காவனம் இதை இரண்டு வேளையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள், அல்லது உட்கார்ந்திருந்தாள். கேட்காமல் இருக்கக் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

ஆரணி என்றால் பட்டு என்பார்கள் வெளியூர்க்காரர்கள். பட்டு இல்லாமல் போய்விடவில்லை. சேவூரிலேயே வீட்டுக்கு வீடு தறி ஓடுகிறது, பவர்லூம் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சண்டைகூடச் சரியாகக் கேட்பதில்லை. ஆனாலும் பாதி ஊருக்கு இப்போது சோறு போடுவது ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும்தான். நெல் விளைந்த இடத்தில் எல்லாம் கல் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'நகர்' என்று பேர் வைத்து, வீடும் கட்டிவிட்டார்கள். கட்டினவர்கள் இருட்டில் போய் இருட்டில் வருகிறார்கள். தன் வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட் என்று ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறார்கள். ஊர் என்றால் ஆள் இருக்க வேண்டாமா? ஆள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

அருணகிரி அப்படித் தூங்கிப் போனதில் ஒரு குறையும் வைக்கவில்லை, சந்தோஷமாகத்தான் போனார். தறியில் உட்கார்ந்து முதுகு விட்டுப்போனவர். கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக ஓடினார். ஏசி பஸ், கேன்டீன் சோறு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். தறிக்குழியை அவரே சிமென்ட் போட்டு மூடி, அதன்மேல் பீரோவைத் தூக்கி வைத்தார். "இனிமே எனக்குப் பேஜார் இல்ல" என்று பீரோவைத் தட்டிச் சொன்னார்.

அவரை எழுப்புவது மட்டும் பூங்காவனத்தின் வேலை. செல்லில் அலாரம் வைத்தால் அவருக்குக் கேட்காது, தெருவுக்கே கேட்கும். பூங்காவனம் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து, வலது தோளில் இரண்டு விரலால் தொட்டு, "ஹேமா அப்பா, எழுந்திருங்க. மணி ஆவுது" என்பாள். ஒரே தடவைதான். மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். டீயும் இரண்டு பொறை பிஸ்கட்டும் சாப்பிட்டு, தோளில் பையும் கட்டம் போட்ட துண்டுமாக முனைக்குப் போய் நிற்பார். புருஷன் பேரை வாயால் சொல்லுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கல்யாணமான புதிதில் 'ஏங்க', பெண் பிறந்த பிறகு 'ஹேமா அப்பா'. அதிலேயே காலம் போய்விட்டது.

பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் ஜன்னல் சீட்டு அவருடையது. எழுதி வைத்ததில்லை, ஆனால் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். முன் சீட்டின் கம்பியில் அந்தத் துண்டைக் குழந்தைக்குக் கட்டுகிற ஏணை மாதிரிக் கட்டி, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு தூங்குவார். பக்கத்தில், நடக்கிற வழியை ஒட்டின சீட்டில், கண்ணமங்கலத்துக் குமரேசன். கால் நீளமான பையன், ஜன்னல் பக்கம் அவனுக்கு ஆகாது. அருணகிரி ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்காலை ஒரு பக்கமாக மடக்கி வழிவிடுவான். அந்த பஸ்ஸில் எழுப்புவதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. இடம் வந்ததும் பக்கத்து ஆள் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவான், அவ்வளவுதான். நின்று பார்க்க மாட்டான். கேட்டில் கார்டு பஞ்ச் வைக்க நேரமாகிவிடும்.

ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், குமரேசன் அப்படித் தட்டிவிட்டு இறங்கி, பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடினான். எல்லாரும் ஓடினார்கள். டிரைவர் சின்னதுரை பஸ்ஸை ஷெட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வழக்கம்போலக் கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துத் தூங்கினார். உச்சிவேளைக்கு எழுந்து சாப்பிடப் போகும்போதுதான், மூன்றாவது வரிசையில் ஒரு தலை துண்டில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். "இன்னாண்ணே, ஷிப்டுக்குப் போவலியா?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை.

நெஞ்சுவலி, தூக்கத்திலேயே போய்விட்டது, காலையிலேயே போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காலையில் எங்கே? ஆரணி தாண்டியா, செய்யாற்றிலா, பாலாற்றுப் பாலத்து மேலா? அவர்களுக்கு எப்படித் தெரியும். யாருக்குமே தெரியவில்லை.

பொழுது சாய ஆம்புலன்ஸ் வந்தது. அருணகிரியின் அண்ணன் தருமன் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். வெளியூரில் உயிர் போனவரை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. தெருவிலேயே தார்ப்பாய் கட்டி, பெஞ்சில் படுக்க வைத்தார்கள். தார்ப்பாயில் மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கித் தொங்கியது, ஒருத்தர் குச்சியால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒரு நிமிஷம் உள்ள வெச்சி எடுங்க மாமா" என்று பூங்காவனம் தருமன் காலைப் பிடித்தாள். "அவரு கட்டின ஊடு. ஒரே ஒரு நிமிஷம்."

"வெளிய போன உசுரும்மா. உள்ள கொண்டாரக் கூடாது" என்றார் தருமன். அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் அல்ல, அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். "அப்பால அவன இட்டுகினு வரலாம். அதுக்கு மொற கீது."

முறை என்னவென்றால் இதுதான். உயிர் போன இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்திலேயே நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அங்கிருந்து ஒரு கல்லை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், வாய் பேசாமல் வீட்டுக்கு வர வேண்டும். வாசலில் கால்மேல் தண்ணீர் ஊற்றி உள்ளே விடுவார்கள். அப்போதுதான் போனவர் வீடு சேருவார். வீடு சேர்ந்தவர்தான் மேற்கொண்டு போக முடியும். சேராதவர் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். எல்லா ஊரிலும் இது உண்டா என்று தெரியாது, இவர்களுக்கு உண்டு.

கருமாதிக்கு முன்னால் தருமன் கார் எடுத்துக்கொண்டு ஒரகடம் போனார். கம்பெனிக்குள் விடவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று செக்யூரிட்டி கேட்டால் செத்தவரைப் பார்க்க வேண்டும் என்றா சொல்ல முடியும்? கேட்டுக்கு எதிரில், லாரி போகிற சத்தத்தில் நின்று, "அருணகிரி, வாடா, ஊட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டார். சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லியில் ஒன்றை எடுத்து முடிந்துகொண்டு வந்தார். கருமாதியன்று இலையில் சோறும் வடையும் காராமணிக் குழம்பும் வைத்து மொட்டை மாடியில் எல்லாரும் நின்றார்கள். காக்கை வந்தது. பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று.

அப்புறம் குமரேசன் ஒரு நாள் போனில் சொன்னான், தூசி தாண்டும்போது அண்ணன் இருமின மாதிரி இருந்தது, தூக்கத்தில் கேட்டது என்று. தருமன் மறுபடி கிளம்பினார். தூசியில் ஒரு டீக்கடை ஓரமாக நின்று கூப்பிட்டார். இன்னொரு கல் வந்தது. இரண்டு கல்லும் வீட்டு வாசல் தொட்டி ஓரமாக மழையில் நனைந்துகொண்டு கிடந்தன.

"இப்ப வந்துட்டானா?" என்று தருமன் கேட்டார்.

"ரெண்டும் கல்லாத்தான் கீது மாமா" என்றாள் பூங்காவனம்.

அவளுக்குத் தெரியும். சாயந்திரம் பஸ் நிற்கிற சத்தம் கேட்டதும், முனையிலிருந்து செருப்புச் சத்தம் கிளம்புகிறதா என்று அவள் காது போய்விடும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. முன்பெல்லாம் அது டிரான்ஸ்பார்மரைத் தாண்டும்போது அவள் தட்டை எடுத்து வைப்பாள். இப்போது ஒன்றும் கிளம்புவதில்லை. கதவு மூடுகிற சத்தம், அப்புறம் பஸ் போகிற சத்தம். பயமாக இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் கேட்டாள். பயமில்லை. வந்து வந்து போகிற மனுஷனை உள்ளே கூப்பிடாமல் இருக்கிறோமே என்று வயிறு எரிந்தது.

கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கியது. தெருவெல்லாம் வாசலில் அகல் வைத்தார்கள், இந்த வீட்டில் வைக்கவில்லை. பூங்காவனம் மறுபடி தார் சுற்ற உட்கார்ந்தாள். பச்சையம்மாள் வீட்டுத் தறிக்கு ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலை அது. அப்போதுதான் கம்பெனியிலிருந்து மகள் ஹேமலதாவுக்குப் போன் வந்தது. அப்பா இடத்துக்கு ஒரு வேலை தருகிறோம், வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும், சேராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்றார்கள். ஹேமா டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு மூன்று இடத்தில் கேட்டுக்கொண்டிருந்த பெண். குதித்திருக்க வேண்டும், குதிக்கவில்லை. அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"எந்த பஸ்ஸு?" என்றாள் பூங்காவனம்.

"அதே பஸ்ஸுதாம்மா. இந்தப் பக்கம் வேற ரூட்டு இல்ல."

"நீ போவல."

"அம்மா."

"உங்கப்பாவ இட்டுகினு போயி இன்னும் கொண்டாந்து உடாத பஸ்ஸு. அதுல உன்ன ஏத்திட்டு நான் ஊட்ல ஒக்காந்துகினு இருக்கணுமா?"

"பஸ்ஸு இன்னாம்மா பண்ணிச்சி? அப்பாக்கு நெஞ்சுவலி."

"அவரு இன்னும் அங்கதான் கீறாரு ஹேமா. எனக்குத் தெரியும்."

ஹேமா சிக்கின நூலைப் பிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள், "இருந்தா நல்லதுதானம்மா. அப்பாதான? நான் கூட ஒக்காந்துகினு போறேன்."

பூங்காவனம் ராட்டினத்தை வேகமாகச் சுற்றினாள். பெண் பயந்தால்கூட ஏதாவது சொல்லி அடக்கலாம், இப்படிப் பாசமாகப் பேசினால் என்ன செய்வது? செத்தவர் பக்கத்தில் பெண் போய்த் தினமும் உட்கார்ந்தால், அவருக்கும் இறங்க மனம் வராது, இவளுக்கும் ஒரு நாள் இறங்க மனம் வராமல் போகலாம். 

"அவரு வந்து சேரட்டும். அப்பால நீ போ" என்று மட்டும் சொன்னாள்.

"திங்கக்கெழமைக்குள்ளயா?"



அந்த வெள்ளிக்கிழமை குமரேசன் லீவு போட்டுவிட்டு பைக்கில் வந்தான். அருணகிரியின் லாக்கரில் இருந்த சாமான்களைக் கம்பெனியில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒரு ஜோடி ஷூ, ஒரு சீப்பு, பாதி தீர்ந்த தைலம், ஒரு ஸ்டீல் டம்ளர். அவற்றைத் தரையில் வைத்துவிட்டு, எழுந்து போகவும் தெரியாமல், பேசவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். ஹேமா டீ கொடுத்தாள்.

"ஆறிடப் போவுது, குடிப்பா" என்றாள் பூங்காவனம். அவள் கை ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, நான்தான் தட்டனேன்" என்றான் குமரேசன். "எடம் வந்துடுச்சின்னு தொடைல தட்டனேன். எப்பவும் தட்டுவேன், அவரும் எழுந்து பின்னாலயே வந்துடுவாரு. அன்னிக்கி மழ. நான் பாக்கல."

"ஒடம்பு சூடா இருந்திச்சா?"

"பேன்ட்டு மேலதான அண்ணி தட்டனேன். தெரியலயே."

"நீ இன்னா பண்ணுவ. உன் மேல ஒண்ணியும் இல்ல" என்றாள் அவள். சொன்னபோது அவளுக்கே அது நிஜமாகத்தான் இருந்தது. "பஸ்ஸு ஏன் இங்க நிக்குது குமரேசா? ஆளுதான் இல்லியே."

குமரேசன் ஹேமாவைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். "டிரைவரண்ணன நாங்களும் கேட்டோம். கால் தானா பிரேக்குக்குப் போவுதுன்னாரு. நிக்கக் கூடாதுன்னு நெனச்சிகினே வருவாராம், முன வந்ததும் நின்னுடுமாம். அது மட்டும் இல்ல அண்ணி. இப்பல்லாம் பஸ்ல யாருக்கும் சரியா முழிப்பு வரமாட்டுது. செய்யாத்துல எறங்கற ஆளு ஆரணி வந்து எழுந்துக்கறாரு. தட்டனாலும் தெரியமாட்டுது. ஆரணிப் பொண்ணு ஒண்ணு எங்க ஊரு வரிக்கும் வந்து, திரும்ப ஆட்டோ புடிச்சிப் போச்சி."

"அவரு சீட்டுல யாரு ஒக்கார்றா?"

"யாரும் ஒக்கார்றதில்ல. எடம் இல்லாம நின்னுகினுகூட வரானுங்க, அங்க ஒக்கார மாட்றானுங்க. துண்டுகூட அப்டியேதான் கீது."

ராட்டினம் நின்றது, இழை அறுந்தது.

"எந்தத் துண்டு?"

"அவரு கம்பில கட்டுவாரே, அந்தக் கட்டம் போட்ட துண்டு. அன்னிக்கி அவர எறக்கறப்போ யாரும் அவுக்கல. ஒரு நாளு நான் அவுக்கலாம்னு கை வெச்சேன், பின்னாடி சீட்டு அக்கா வேணாம்னு சொல்லிச்சி. உட்டுட்டேன்."

"அப்போ அது தெனம் வருதா? இங்க, நம்ம முனைக்கு?"

"பஸ்ஸு வந்தா அதுவும் வரும் அண்ணி."

பூங்காவனம் அறுந்துபோன இழையைத் தேடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். கேட்டுக்கு எதிரில் கூப்பிட்டார்கள், தூசியில் கூப்பிட்டார்கள். எந்த ஊரில் போச்சு, எந்த ஊரில் போச்சு என்று ரோடு முழுக்கத் தேடினார்கள். அவர் போனது அந்த சீட்டில். அந்த சீட்டு காலையிலும் சாயந்திரமும் வீட்டுக்கு மூன்றாவது வாசலில் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இத்தனை நாளும் வந்த மனுஷனை இறங்குங்கள் என்று சொல்ல ஒரு நாதியில்லை. அவள் தலையில் ஒரு தடவை அடித்துக்கொண்டாள். ஹேமா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

விஷயம் தருமனுக்குப் போயிற்று. சனிக்கிழமை சாயந்திரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பூங்காவனம் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து நின்றிருந்தாள்.

"ஓடற வண்டியப் போயி எடம்னு சொல்றியேம்மா" என்றார் தருமன். "எடம்னா மண்ணு இருக்கணும். கல்லு எங்கிருந்து எடுப்ப?"

"துண்டு கீது மாமா."

"துண்டும் கல்லும் ஒண்ணா? சரி, அத உடு. பொம்பள கூப்புடற மொற இல்ல. அண்ணன் தம்பி கூப்புடணும், இல்லன்னா புள்ள கூப்புடணும். பேரச் சொல்லிக் கூப்புடணும். நீ அவன் பேரச் சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

"அப்பறம்?"

"நீங்க ரெண்டு வாட்டி பேரச் சொல்லித்தான் கூப்ட்டீங்க மாமா. உங்க மேல தப்பு சொல்லல. ஆனா அவரு தூங்கிகினு கீறாரு. தூங்கறவர எழுப்பணும். ஒரு நாளாவது நீங்க அவர எழுப்பிகிறீங்களா?"

 தருமன் சின்ன வயதில் எழுப்பியிருப்பார், அதுவும் உதைத்துத்தான். "ஊர் இன்னா சொல்லும்" என்று ஆரம்பித்தவர், ஹேமா அவரைப் பார்த்த பார்வையில் அதையும் பாதியில் விட்டுவிட்டார். சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "இன்னாமோ பண்ணு. நான் இங்கியே கீறேன்" என்றார்.

விளக்கு வைத்து ரொம்ப நேரம் ஆகவில்லை. பனி புகைபோல டிரான்ஸ்பார்மர் லைட்டைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. பவர்லூம்கள் ஓடிக்கொண்டிருந்தன. பச்சையம்மாள் வாசலில் நின்று பார்த்தாள், எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பூங்காவனம் முனையில் போய் நின்றாள். அவர் தினமும் நின்ற இடம் எது என்று தெரியும், தெருக்குழாய்க்குப் பக்கத்தில். அங்கேயே நின்றாள்.

ஆரணிப் பக்கமிருந்து வெளிச்சம் திரும்பியது. பஸ் வந்து நின்றது. ஹாரன், கதவு. உள்ளே ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சின்னதுரை அவளைப் பார்த்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் இன்ஜினை அணைத்துவிட்டார்.

அவள் செருப்பைக் கழற்றி ரோட்டிலேயே விட்டுவிட்டுப் படியேறினாள். இத்தனை வருஷம் அவர் போய்வந்த பஸ்ஸை அன்றைக்குத்தான் உள்ளே பார்க்கிறாள். ஏசிக் குளிர் கால்வழியாக ஏறியது. சின்ன நீல விளக்கு ஒன்று எரிந்தது. தூங்குகிறவர்களின் மூச்சுக்காற்று வாசனை, சாக்ஸ் வாசனை. இன்ஜின் நின்றதால் ஒவ்வொருத்தராக விழித்துக்கொண்டார்கள். 

மூன்றாவது வரிசையில் குமரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. முன் கம்பியில் துண்டு தொங்கியது. அதன் நடுவில் நெற்றி பட்டுப்பட்டுக் கொஞ்சம் அழுக்கேறிய இடம் அவளுக்குத் தெரிந்தது. அவளே துவைத்த துண்டு, சோப்பு எவ்வளவு போட்டாலும் போகாத இடம் அது.  அழுதால் குரல் மாறிவிடும், குரல் மாறினால் அவருக்கு அடையாளம் தெரியாது. அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

குமரேசனுக்கு மேலாகக் குனிந்து, சீட்டில் வலது தோள் இருக்கிற உயரத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

"ஹேமா அப்பா, எழுந்திருங்க" என்றாள். "சேவூர் வந்துடுச்சி."

காலையில் அடுப்படியிலிருந்து வந்து சொல்லுகிற அதே குரல்தான். அதே அளவுதான். ஒரு தடவைதான் சொன்னாள்.

குமரேசன் முழங்காலை ஒரு பக்கமாக மடக்கி வழிவிட்டான். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. அவன் கால் தினமும் செய்கிற வேலை. செய்த பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

பூங்காவனம் துண்டை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்பித்தான் எடுத்தாள். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்து இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ரோட்டில் கால் வைத்த பிறகும் சின்னதுரை கதவை மூடவில்லை. வயதானவர் மெதுவாக இறங்கும்போது காத்திருப்பார்களே, அந்த அளவுக்குக் காத்திருந்தார். அப்போது படிப் பக்கம் பஸ் லேசாகத் தாழ்ந்து எழுந்தது என்று பின்னால் அவர் ஆரணி பூரா சத்தியம் செய்துகொண்டிருந்தார். அது அவர் பாடு.

செருப்பை எடுக்காமல் அவள் நடந்தாள். டிரான்ஸ்பார்மர் வரைக்கும் பவர்லூம் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அப்புறம் பின்னால் ஏதாவது கேட்டதா என்று பச்சையம்மாள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். பூங்காவனம் சொன்னதில்லை. நடையை மட்டும் அவள் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள், வலது காலை இழுத்து நடக்கிறவர் கூட வந்தால் எப்படி நடப்போமோ அப்படி.

வாசலில் தருமன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். ஹேமா சொம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். அம்மாவின் காலில் ஊற்றினாள். அம்மா உள்ளே போனாள். ஹேமா சொம்பை மறுபடி தொட்டியில் மொண்டு, அம்மா நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஆளில்லாத படியில், அதே மாதிரி நிதானமாக ஊற்றினாள். ஊற்றச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தருமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூங்காவனம் பீரோ ஓரத்து ஆணியில் துண்டை மாட்டிவிட்டு, தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டாள். காராமணிக் குழம்பு ஊற்றினாள். பிறகுதான் வாய் திறந்து, "ஹேமா, திங்கக்கெழமைக்கு உன் துணியெல்லாம் எடுத்து வெச்சிக்க" என்றாள்.

மறுநாள் காலையில் அந்தத் தட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். காக்கை வந்தது. சுவரில் உட்காரக்கூட இல்லை, நேராகச் சோற்றில் வாய் வைத்தது.

திங்கட்கிழமை பூங்காவனம் மகளை இரண்டு விரலால் தொட்டு எழுப்பினாள். டீயும் பொறையும் கொடுத்தாள். முனைவரை கூடப் போனாள். பனியில் எதிர்வீடு மங்கலாகத்தான் தெரிந்தது. ஹேமா புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குழாய்ப் பக்கத்தில் நின்றாள்.

கண்ணமங்கலம் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. பஸ் வந்தது. வேகம் குறையவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. ஹேமா கையை நீட்டினாள். பஸ் அவளைத் தாண்டி, டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஹேமா "அண்ணா" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ரைஸ் மில் கிட்டே போய்த்தான் பிரேக் சத்தம் கேட்டது.

சின்னதுரை இறங்கி நின்றிருந்தார். "மன்னிச்சிக்கோம்மா" என்று அவர் ஹேமாவிடம் சொன்னது முனை வரைக்கும் கேட்டது. "கால் பிரேக்குக்கே போவல. இங்க ஏற்றதுக்கு ஆளு கீதுன்னே எனக்குத் தோணல."

ஹேமா ஏறினாள். கதவு மூடியது. மூன்றாவது வரிசை ஜன்னலில் ஹேமாவின் கை அசைந்தது, பிறகு சிவப்பு விளக்குகள் ஆரணிப் பக்கம் பனிக்குள் போய்விட்டன.

பூங்காவனம் காலியான முனையில் நின்றாள். பஸ் நிற்காமல் போனது இதுதான் முதல் தடவை. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அப்போதுதான் அவளுக்கு நிச்சயமாயிற்று. இனிமேல் காலையிலும் சாயந்திரமும் இந்த முனைக்கு அவர் வரமாட்டார், எங்கேயும் வரமாட்டார் என்பதும் அப்போதுதான் நிச்சயமாயிற்று. தார்ப்பாய்க்குக் கீழே படுக்க வைத்திருந்தபோது வராத அழுகை, கருமாதியில் எல்லாரும் அழுதபோதும் பாதியில் நின்றுவிட்ட அழுகை, இப்போது வந்தது. குழாயடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். பவர்லூம்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை, அவள் அழுதது தெரு முழுக்கக் கேட்டது.